காற்றில் வந்து போகும் மணங்கள் மனத்தைத் தொடுவது எப்படி?

சித்திரை பிறக்கும் நாளையொட்டிப் பர்மாவின் யாங்கோனில் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்தால், அடுத்து வரும் ஒரு காலையில் சாலையோரத்துப் படாக் மரங்கள் கிளை தெரியாமல் மஞ்சளாகப் பூத்து நிற்பதைக் காணலாம். தமிழ்நாட்டு வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரம் அது. அதன் பூவுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். பர்மியப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அந்தப் பூங்கொத்தை ஒடித்துத் தலையில் செருகிக்கொள்வார்கள். மறுநாள் பார்த்தால் தரையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும், மணம் போயிருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அந்த மணம் தண்ணீர்த் திருவிழாவின் மணம். தமிழ்ப் புத்தாண்டின் மணமும் அதுவே. ஓடும் பேருந்தின் சன்னல் வழியாக ஒரு மூச்சளவு உள்ளே வந்தாலும் போதும், இன்ன மணம் என்று சொல்ல வாயெடுப்பதற்கு முன்பே மனம் இளகிவிடுகிறது. பெயர் சொல்வதற்குள் உணர்ச்சி முந்திக்கொள்வது ஏன் என்பதை, அறிவியல் பயிலாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணம் என்பது பொருளின் நிழலோ அதிர்வோ அன்று, அது பொருளேதான். ஒரு பூவையோ குழம்பையோ நாம் முகரும்போது, அதிலிருந்து பிரிந்து காற்றில் கலந்த மிக நுண்ணிய மூலக்கூறுகள் நம் மூக்கினுள் வந்து படிகின்றன. எளிதில் ஆவியாகிப் பிரியும் மூலக்கூறுகள் உள்ள பொருளுக்கே மணம் உண்டு. கண்ணாடிக்கும் உப்புக்கும் மணம் இல்லாததற்குக் காரணம் அவற்றிலிருந்து அப்படி எதுவும் பிரிந்து வருவதில்லை என்பதுதான். பூசையறையில் திறந்து வைத்த கற்பூரக் கட்டி சில வாரங்களில் தானாகவே சிறுத்துப்போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். திண்மமாக இருந்த கற்பூரம் நீராக உருகாமல் நேராக ஆவியாகி அறைக்குள் பரவிவிட்டது. அந்த அறையில் நின்றவர்கள் அதன் ஒரு சிறு பகுதியை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மணம் விட்டுவிட்டு வருவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மணமுள்ள மூலக்கூறுகள் காற்றில் சீராகப் பரவுவதில்லை. காற்றின் சுழற்சி அவற்றை மெல்லிய இழைகளாகப் பிரித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இழுத்துச் செல்கிறது. இழைக்கும் இழைக்கும் நடுவில் மணமே இல்லாத வெறுங்காற்று இருக்கிறது. நாமோ சில நொடிகளுக்கு ஒருமுறைதான் மூச்சை உள்ளே இழுக்கிறோம். இழை ஒன்று நம்மைக் கடக்கும் கணமும் நம் மூச்சும் பொருந்தினால் மணம் வருகிறது. அடுத்த மூச்சில் அது இருப்பதில்லை. அடங்கிய காற்று தரையை ஒட்டி நிற்கும் மாலை நேரத்தில் மணம் கலைந்துபோகாமல் தங்குகிறது. மல்லிகை போன்ற பூக்கள் மொட்டவிழ்ந்து மணத்தை வெளியிடும் நேரமும் அதுவே என்பதால், அனவ்ரட்டா சாலையில் பூ விற்பவர்களின் கூடை அருகே இருட்டிய பிறகு நடப்பவருக்குப் பகலில் கிடைக்காத மணம் கிடைக்கிறது.

மூக்கினுள் நடப்பது என்ன? மூக்குத் துளையின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மணத்தை உணரும் நரம்புச் செல்கள் இலட்சக்கணக்கில் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் நுனியிலும், மண மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகை மட்டும் உண்டு. மனிதரிடம் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவரும் 1991 இல் கண்டறிந்தார்கள். அதற்காக 2004 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மணத்துக்கு ஓர் ஏற்பி என்ற கணக்கு இங்கே இல்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு மறுமொழி தரும். எந்தெந்த ஏற்பிகள் ஒருசேரத் தூண்டப்பட்டன என்ற கோலத்தையே மூளை ஒரு மணமாக அறிகிறது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு: மல்லிகை மணத்தில் இண்டோல் என்ற பொருள் கலந்திருக்கிறது. அதே பொருள் செறிவு மிகுந்தால் மலத்தின் வாடையாகத் தெரியும். அதை முழுவதும் நீக்கிவிட்டால் மல்லிகையின் ஆழம் போய்விடும்.

இனி வருவதுதான் இந்த விளக்கத்தின் மையம். கண், காது, தோல், நாக்கு ஆகியவை அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியை முதலில் அடைகின்றன. அங்கிருந்துதான் அவை அறிவுக்கு உரிய மேற்பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. மணத்தின் பாதை வேறு. மூக்கின் கூரையிலுள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியே நரம்பிழைகள் மேலேறி, மூளையின் அடியிலுள்ள முகர்வுக் குமிழை அடைகின்றன. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் தலாமஸில் நில்லாமல், மணத்தை இனங்காணும் பகுதிக்கும், அச்சம், விருப்பு, வெறுப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸின் வாயிலில் உள்ள பகுதிக்கும் நேரடியாகச் செல்கின்றன. மூக்கின் நரம்புச் செல்லிலிருந்து அமிக்டலா வரைக்கும் இடையே இரண்டே நரம்பு இணைப்புகள்தாம் இருக்கின்றன. வேறெந்தப் புலனுக்கும் உணர்ச்சியின் இடத்துக்கு இவ்வளவு குறுகிய வழி கிடையாது. ஆகவே, மணம் வந்ததும் முதலில் நெஞ்சு நெகிழ்வதும், "இது என்ன, எங்கே முகர்ந்தோம்?" என்ற கேள்வி பிறகு எழுவதும் இயல்பே. பழகிய மணத்தைக்கூடப் பெயர் சொல்லி அடையாளம் காட்டச் சொன்னால், பொருளைக் கண்ணால் காணாத நிலையில், ஏறத்தாழப் பாதி முறை மனிதர்கள் தடுமாறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. சொல்லுக்கான பகுதிகளோடு மூக்குக்கு உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல.

பாதை குறுகியது என்பது பாதி விடைதான். ஒரே மணம் ஒருவருக்குக் கண்ணீரையும் இன்னொருவருக்குப் பசியையும் தருவது எதனால் என்பது மீதிக் கேள்வி. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நினைவின் வேலையும் அதே போன்றதுதான். ஒரு மணத்தை முதன்முதலாக நாம் முகரும் வேளையில் யாரோடு இருந்தோம், மனநிலை எப்படி இருந்தது என்பதெல்லாம் அதனோடு கட்டப்பட்டுவிடுகின்றன. முதலில் கட்டிய கட்டு எளிதில் அவிழ்வதில்லை. பார்க்கும் காட்சிகளும் கேட்கும் சொற்களும் நாள்தோறும் வேறு வேறு நிகழ்ச்சிகளோடு கலந்து பழசாகிவிடுகின்றன. மணமோ ஓரிடத்தில், ஒரு காலத்தில் மட்டும் முகர்ந்ததாக இருக்கும்போது வேறெதனோடும் கலவாமல் அப்படியே இருக்கிறது. வில்லாண்டர், லார்சன் என்ற இரு சுவீடிய ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 65 வயது கடந்த முதியவர்களிடம் சொல்லாகவும் படமாகவும் மணமாகவும் தூண்டுகோல்களைக் கொடுத்து நினைவுகளைக் கேட்டார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நினைவுகளைக் கொண்டுவந்தன. மணம் கொண்டுவந்தவையோ பெரும்பாலும் 10 வயதுக்கு முற்பட்டவை. அப்பத்தாவின் சேலை மணம் என்று பெரியவர்கள் சொல்லும்போது அது வெறும் பேச்சழகு அன்று.

இந்தக் கட்டு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நடந்து 2000 இல் வெளிவந்த ஆய்வில், கருவுற்ற காலத்தின் இறுதியில் தாய்மார்கள் சிலர் சோம்பு மணமுள்ள தின்பண்டங்களை உண்டார்கள், சிலர் உண்ணவில்லை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளின் முன் அந்த மணத்தைக் காட்டியபோது, உண்டவர்களின் குழந்தைகள் அதை நாடின. மற்றவர்களின் குழந்தைகள் அதைப் பொருட்படுத்தாமலோ முகம் சுளித்தோ இருந்தன. தாய் உண்ணும் உணவின் மணம் கருப்பைநீரில் கலந்து குழந்தையை எட்டுகிறது. பர்மாவில் கருவுற்றிருக்கும் ஒரு தமிழ்த்தாய் காலையில் மொய்ங்கா என்ற மீன்சாறு நூடுல்ஸும் பகலில் ரசமும் உண்டால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு நாட்டு மணமும் முன்பே பழகிவிடுகிறது என்று நினைக்கும்போது எனக்குள் உண்மையாகவே மகிழ்ச்சி எழுகிறது.

நாப்பியைப் பற்றிச் சொல்லாமல் பர்மாவில் மணத்தைப் பற்றிப் பேச முடியாது. உப்பிட்டுப் புளிக்கவைத்த மீனும் கூனியும் சேர்ந்த அந்த விழுது வாணலியில் விழுந்தால் தெருமுனை வரை தெரியும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த உறவினர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே நேரத்தில், இங்கேயே வளர்ந்த பிள்ளை "சோறு ஆயிற்றா?" என்று கேட்டுக்கொண்டு அடுக்களைக்குள் வரும். மூலக்கூறுகள் இருவருக்கும் ஒன்றே, கட்டு வேறு. பெயரும் இதில் பங்கெடுக்கிறது. 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐசோவலெரிக் அமிலத்தின் வாடையைப் பாலாடைக்கட்டி என்று சொல்லிக் கொடுத்தபோது முகர்ந்தவர்கள் இனியதாகவும், உடல் வியர்வை என்று சொல்லிக் கொடுத்தபோது அருவருப்பாகவும் மதிப்பிட்டார்கள். அவர்களது மூளையின் இயக்கமும் அதற்கேற்ப மாறியது.

எனினும் எல்லாமே பழக்கம்தான் என்று முடிவு கட்டிவிடுவதும் சரியாகாது. 2022 இல் வெளிவந்த விரிவான ஆய்வொன்று, வேட்டையாடி வாழ்பவர்கள் முதல் பெருநகரவாசிகள் வரை 9 சமூகங்களில் ஒரே மணங்களை முகரக் கொடுத்து விருப்ப வரிசை கேட்டது. வனிலாவின் மணப்பொருளான வனில்லின் முதலிடம் பெற்றது. முன்பு சொன்ன ஐசோவலெரிக் அமிலம் கடைசியில் வந்தது. விருப்பத்தில் கண்ட வேறுபாட்டில் பண்பாட்டுக்கு உரிய பங்கு 6 விழுக்காடு அளவே. தனி மனிதரின் விருப்பம் பாதிக்குச் சற்று மேல். எஞ்சியது மூலக்கூறின் இயல்பு. இதன் பொருளை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: தமிழருக்கு இது பிடிக்கும், பர்மியருக்கு அது பிடிக்கும் என்று இனவாரியாகப் பிரிப்பதைவிட, ஒவ்வொருவரும் வளர்ந்த வீட்டையும் பழகிய அடுக்களையையும் கேட்பதே உண்மைக்கு நெருக்கமானது.

பர்மியர் முகத்தில் பூசும் தனக்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட்டமான கல்லில் நான்கைந்து துளி நீர் விட்டு, உள்ளங்கை நீளமுள்ள தனக்காக் கட்டையின் பட்டைப் பக்கத்தைக் கல்லோடு சேர்த்து வட்டமாகத் தேய்த்தால், முதலில் கலங்கல் நீராகவும் பிறகு இளமஞ்சள் குழம்பாகவும் அது திரளும். கல்லின் ஓரத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் மிஞ்சிய நீர் வடியும். சந்தனத்தை நினைவூட்டினாலும் அதைவிட மெல்லிய, ஈர மரத்தின் குளிர்ச்சி கலந்த மணம் அப்போது எழும். காய்ந்த கட்டையில் அந்த அளவுக்கு மணம் கிடையாது. உரசலும் நீரும் பட்டையின் செல்களை உடைத்து மணப்பொருள்களை வெளியே கொணர்கின்றன. கன்னத்தில் பூசியது காய்ந்து இறுகிய அரைமணி நேரத்தில் மணம் அடங்கிவிடும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் முகத்தில் தாய் பூசிவிடும் அந்தச் சில நிமிடங்களே அதன் காலம். இங்குள்ள தமிழ் வீடுகளில் ஒரு மாடத்தில் மஞ்சள் கிழங்கும் அதன் பக்கத்தில் தனக்காக் கட்டையும் இருக்கும்; இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலைப்பொழுதின் மணம்.

மழை மண்ணில் விழுந்ததும் எழும் மணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் யாங்கோன் பக்கம் பெருமழை கிடையாது. வைகாசியில் பருவமழை பிடித்தால் ஐப்பசி வரை விடாது. அத்தனை மாதம் காய்ந்த மண்ணும் பாறையும் செடிகொடிகள் வெளியிடும் எண்ணெய்ப் பொருள்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கின்றன என்றும், ஈரம் பட்டதும் அவை வெளிப்படுகின்றன என்றும் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964 இல் எழுதினார்கள். அதோடு சேர்ந்து வருவது ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர் அதை உண்டாக்குகிறது. இலட்சம் கோடியில் ஐந்து பங்கு என்ற அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அந்த மணத்தால் ஈர்க்கப்பட்டு வரும் சின்னஞ்சிறு மண்பூச்சிகள் நுண்ணுயிரின் விதைத்தூள்களை உடலில் சுமந்து சென்று பரப்புகின்றன என்று 2020 இல் தெரியவந்தது. ஆக, அந்த மணம் நமக்காக எழுவதன்று. வழியில் நம்மையும் தொட்டுவிட்டுப் போகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2015 இல் அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து பார்த்தபோது, மழைத்துளி மண்ணின் நுண்துளைகளில் காற்றை அடைத்துக் குமிழிகளாக்குவதும், குமிழிகள் மேலேறி உடைந்து மணத்தைத் தூவலாக வீசுவதும் தெரிந்தன. தூறலும் மிதமான மழையும்தான் இதைச் சிறப்பாகச் செய்கின்றன. கொட்டும் மழையில் குமிழி உருவாக நேரம் இருப்பதில்லை. பருவமழையின் முதல் சில நிமிடங்களில் மட்டும் அந்த மணம் தூக்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீடித்து இருக்கும் மணத்தையும் நாம் நீடித்து உணர்வதில்லை. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் ஏற்பிகளும் மூளையும் அதற்கு மறுமொழி தருவதைக் குறைத்துக்கொள்கின்றன. புதிதாக வரும் மணத்தைக் கவனிப்பதற்கான ஏற்பாடு இது. தன் வீட்டு மணம் தனக்குத் தெரியாததும், பல நாள் வெளியூரில் இருந்துவிட்டுக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் தெரிவதும் இதனால்தான். பிரிந்து போனவர்களுக்கே ஊரின் மணம் முழுமையாகத் தெரிகிறது. 1964 இல் வணிகமெல்லாம் நாட்டுடைமை ஆன பிறகு இங்கிருந்து கப்பலேறிய தமிழர்கள் பலர். அவர்களும் அவர்களுடைய மக்களும் சென்னைக் கடற்கரைப் பக்கத்தில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் மொய்ங்காவும் விற்கத் தொடங்கியது பிழைப்புக்காகத்தான். ஆனால் பொரித்த வெங்காயமும் எலுமிச்சைப் புல்லும் வாழைத்தண்டும் மீனும் ஒன்றாகக் கொதிக்கும் ஆவி முகத்தில் படும்போது, அங்கே நிற்கும் ஒரு முதியவருக்குத் தான் விட்டுவந்த தெரு திரும்பக் கிடைக்கிறது என்பதை நான் மதிக்கிறேன்.

துயரமும் இதே வழியில்தான் வருகிறது. வெட்டிய புல்லின் பச்சை வாடை பெரும்பாலோருக்கு இனியது. காயம்பட்ட இலைகள் வெளியிடும் பொருள்களால் அது உண்டாகிறது. 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கிஸ் புயல் அடித்த மறுநாள், யாங்கோனின் முதுமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தபோது நகரமெங்கும் அதே பச்சை வாடைதான். அந்தப் புயலில் 1,38,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். உறவினரை இழந்தவர்கள் மரக்கிளை வெட்டும் இடத்தைக் கடக்கும்போது நெஞ்சு படபடப்பதாகச் சொன்னால், அது மனப்பலவீனம் அன்று. அமிக்டலா தன் வேலையைச் செய்கிறது. அப்படிப்பட்டவரிடம் "எப்போதோ நடந்ததை இன்னுமா நினைக்கிறாய்?" என்று கேட்பது முறையன்று, அவர்கள் நினைக்கவில்லை, மணம் நினைவூட்டுகிறது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மணம் கொண்டுவரும் நினைவு உணர்ச்சி மிக்கது என்று உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ் முதலியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது கூடுதல் துல்லியமானது என்று அவை காட்டவில்லை. உணர்ச்சியின் வலிமையை உண்மையின் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது.

முகரும் திறன் குறையும்போது இவையனைத்தும் கூடவே குறைகின்றன. கொரோனா தொற்றின்போது பலருக்கு மணம் அறவே போனது. சோறும் குழம்பும் சுவையற்றுப்போனதற்கும் அதுவே காரணம், ஏனெனில் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம். வயது ஏற ஏறவும் இத்திறன் மங்கும். சிலருக்கு அது நடுக்குவாத நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், காரணம் தெரியாமல் மணம் போனால் மருத்துவரிடம் சொல்வது நல்லது. நம்பிக்கைக்கும் இடமுண்டு. மணத்தை உணரும் நரம்புச் செல்கள் உடலின் பெரும்பாலான நரம்புச் செல்களைப் போலன்றி, வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாக உண்டாகின்றன. ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009 இல் வெளியிட்ட பயிற்சி முறையில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருவேளை, ஒவ்வொன்றையும் சுமார் 10 நொடி கவனத்தோடு முகர வேண்டும். 12 வாரம் செய்தவர்களில் பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. கிராம்பும் எலுமிச்சையும் எந்த வீட்டு அடுக்களையிலும் இருக்கும். மற்ற இரண்டும் மருந்துக்கடையில் தைலமாகக் கிடைக்கும். முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாவிட்டாலும் விட்டுவிடாமல், அந்தப் பொருளோடு சேர்ந்த ஏதேனும் ஒரு நிகழ்ச்சியை மனத்தில் கொண்டுவந்தபடியே முகர்வது நல்லது என்று பயிற்றுவிப்பவர்கள் சொல்கிறார்கள்.